யாருடைய துப்பாக்கி, எங்கே இருந்தது

ஜூரி டூட்டிக்குச் சம்மன் வந்தபோது உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஆபீஸில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார்கள், எப்படித் தப்பிப்பது என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள், வீட்டில் இவர் "ஒரு நாளைக்கு 50 டாலராம், பார்க்கிங்குக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாப் போயிடும்" என்று கணக்குப் போட்டார். எனக்கோ குடியுரிமை வாங்கி இரண்டு வருடம்கூட முடியவில்லை. அதுவரை எந்த ஊரிலும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. ஒரு மனிதர் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் இடத்தில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறார்கள் என்பது கொஞ்சம் பெருமையாகவும் நிறையப் பயமாகவும் இருந்தது.

2022 இலையுதிர்காலம், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், ஃபெடரல் கோர்ட், அதாவது மத்திய அரசின் நீதிமன்றம். வழக்கு முடிந்து எங்களை அனுப்பும்போது, இனி விருப்பம் இருந்தால் இதைப் பற்றிப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம் என்றார் நீதிபதி. நான் இத்தனை நாள் பேசாமல்தான் இருந்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம் போன மாதம் நடந்த ஒரு சின்ன விஷயம், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஜூரி தேர்வில் நீதிபதி கேட்ட கேள்விகளில் ஒன்று, யார் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, கை தூக்குங்கள் என்பது. பாதிக்கு மேல் தூக்கினார்கள். எனக்கு முன்வரிசையில், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்த ஒரு பாட்டியும் தூக்கினார். பத்து வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிறேன், துப்பாக்கி என்பது டிவிச் செய்தியில் வருகிற பொருள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றுதான் அது பக்கத்து வீட்டு அலமாரியில் இருக்கிற பொருள் என்று புரிந்தது.

வழக்கில் ஒரே ஒரு குற்றச்சாட்டு. ஏற்கெனவே ஃபெலனி தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருந்தார் என்பது. ஃபெலனி என்றால் கொலை, கொள்ளை என்றுதான் நமக்குத் தோன்றும், ஆனால் சட்டம் பார்ப்பது ஒரு வருடத்துக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய குற்றமா என்பதைத்தான். விதிக்கக்கூடிய என்பது முக்கியம், நிஜத்தில் ஒரு நாள்கூட உள்ளே இருக்காவிட்டாலும் கணக்கு அதேதான். போதைப்பொருள் வைத்திருந்ததும் வரலாம், மோசடிக் காசோலையும் வரலாம். வியாபாரப் போட்டிச் சட்டங்களை மீறிய குற்றங்களுக்கு மட்டும் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. நான் கிண்டல் செய்யவில்லை, அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்ற கம்பெனிகளோடு சேர்ந்துகொண்டு விலையை ஏற்றியவர் தண்டனை முடிந்து வந்து துப்பாக்கி வாங்கிக்கொள்ளலாம். இன்றிருக்கும் தடை 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. அந்த வருடம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கையும் ஜூனில் ராபர்ட் கென்னடியையும் சுட்டுக் கொன்றார்கள், அக்டோபரில் லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அதிகபட்சத் தண்டனை ரொம்ப காலம் 10 வருடமாக இருந்தது, 2022இல் அதை 15 ஆக்கினார்கள்.

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. வழக்கு நடக்கும்போது ஜூரிக்கு எதுவும் சொல்லமாட்டார்கள், தேடிப் பார்க்கவும் கூடாது. அவர் முன்னால் என்ன குற்றம் செய்தார் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. "குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்பு ஒரு ஃபெலனி தண்டனை உண்டு, அது அவருக்குத் தெரியும், இதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள்" என்று ஒரு காகிதத்தை வாசித்தார்கள், அவ்வளவுதான். அது என்ன குற்றம் என்று தெரிந்தால் எங்கள் மனது அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காக அப்படி. நியாயம்தான். ஆனால் மூன்று நாளும் அந்த மனிதரின் பின்கழுத்தையும் அவர் போட்டிருந்த, அளவில் கொஞ்சம் பெரிதான கோட்டையும் பார்த்துக்கொண்டே, என்ன செய்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நடந்தது இது. ஒரு அபார்ட்மெண்டில் ராத்திரி சண்டைச் சத்தம், பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். போலீஸ் வந்து, குற்றம் சாட்டப்பட்ட அந்த மனிதரைக் கைது செய்து கொண்டுபோனது. அன்று ராத்திரியே அவர் சிறையிலிருந்து தன் கேர்ள் ஃப்ரெண்டுக்கு ஃபோன் செய்தார். சிறை ஃபோனில் பேசுவது எல்லாமே பதிவாகும், கால் தொடங்கும்போதே அதைச் சொல்லிவிடுவார்கள், ஆனாலும் மனிதர்கள் பேசத்தான் செய்கிறார்கள். "அந்த டயப்பரை வேற எங்கயாவது மாத்தி வை" என்றார். அந்தப் பெண் மாற்றவில்லை. மறுநாள் போலீஸ் திரும்ப வந்து கேட்டபோது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்துவிட்டார். பெட்ரூம் க்ளோஸெட்டில், தரையில், பாதி காலியான டயப்பர் பாக்கெட்டுக்குள் ஒரு பிஸ்டல். குண்டு போட்டிருந்தது.

அந்த ஃபோட்டோவைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். க்ளோஸெட்டின் மேல்தட்டில் பெரியவர்கள் துணி, கீழே சின்னச் சின்ன ஷூக்கள், ஒரு பிளாஸ்டிக் டைனோசர், அந்தப் பாக்கெட். அந்த வீட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. இதை யாரும் எங்களிடம் அழுத்திச் சொல்லவில்லை, போலீஸ்காரர் சாட்சி சொல்லும்போது போகிற போக்கில் வந்து விழுந்தது. எனக்கு அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் எதுவும் காதில் ஏறவில்லை. அப்போது என் மகனுக்கு நாலு வயது. "போய் ஒரு டயப்பர் எடுத்துட்டு வாடா கண்ணா" என்று அவனை நானே எத்தனை தடவை அனுப்பியிருக்கிறேன், அவனும் ஏதோ பெரிய உத்தியோகம் பார்ப்பது மாதிரி ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவான். அந்த வயதில் குழந்தைகள் செய்யத் துடிக்கிற முதல் வேலையே அதுதான்.

பிறகு நிபுணர்கள் வந்தார்கள். இந்தப் பிஸ்டல் மிச்சிகனில் செய்ததில்லை, வேறு மாநிலத்தில் செய்தது என்று ஒருவர் சாட்சி சொன்னார். இதற்கு எதற்கு ஒரு நிபுணர் என்று நினைத்தேன், ஆனால் ஃபெடரல் அரசு இந்த வழக்கில் கை வைப்பதற்கு உரிமை கொடுப்பதே அதுதானாம், மாநில எல்லையைத் தாண்டி வந்த பொருள் என்பது. இன்னொருவர், துப்பாக்கியின் மேல் தெளிவான கைரேகை கிடைப்பது அபூர்வம் என்று நீளமாக விளக்கினார், இந்தத் துப்பாக்கியிலும் கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் திறமைசாலி. வீடு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கிறது, க்ளோஸெட்டில் அவர் துணியும் இருக்கிறது, அவருடைய அண்ணன் வந்துபோகிறவர், இந்தத் துப்பாக்கி இவருடையது என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார்.

மூன்று நாளும் சுற்றிச் சுற்றி அந்த ஒரே கேள்விதான். யாருடையது?

கையில் பிடித்திருக்க வேண்டும் என்று இல்லை என்று நீதிபதி எங்களுக்கு விளக்கினார். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் சக்தியும் எண்ணமும் இருந்தால் அதுவும் வைத்திருந்ததுதான். இரண்டு பேர் சேர்ந்தும் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி இருந்த வீட்டில் தானும் இருந்தார் என்பது மட்டும் போதாது. கேட்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. உள்ளே போய்ப் பன்னிரண்டு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததும் ஒவ்வொரு வார்த்தையும் வழுக்க ஆரம்பித்தது.

எங்களில் அறுபது வயது தாண்டிய ஒருவர் இருந்தார், மான் வேட்டைக்காரர், வீட்டில் ஏழெட்டுத் துப்பாக்கி என்று அவரே சொன்னார். அவரைப் பார்த்ததுமே இவர் எந்தப் பக்கம் பேசுவார் என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன் (வெட்கமாகத்தான் இருக்கிறது). அவர் ரொம்ப நேரம் பேசாமல் அந்த ஃபோட்டோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சமயத்துல குழந்தை எங்க இருந்துது? அதை யாருமே சொல்லலையே" என்றார். எங்கள் தலைவராக இருந்த பெண், அது நாம் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில் இல்லை என்றார். அவர் விடவில்லை. கடைசியில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீதிபதிக்கு அனுப்பினோம். வந்த பதில் ஒரே வரி, உங்கள் முன் வைக்கப்பட்ட சாட்சியங்களை மட்டும் கொண்டு முடிவெடுங்கள் என்று.

குற்றவாளி என்றே முடிவு செய்தோம். அந்த ஃபோன் கால்தான் காரணம், பாக்கெட்டில் இருப்பது தெரியாதவர் டயப்பரை மாற்றி வைக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இன்றைக்கும் அது சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்று நாள் அந்தக் கட்டடத்துக்குள், சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தை இல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அதைத்தான் தேட ஆரம்பித்தேன். வீட்டில் குழந்தை இருந்தால் துப்பாக்கியைப் பூட்டி வை என்று சொல்கிற ஃபெடரல் சட்டம் கிடையாது. கடையில் கைத்துப்பாக்கி விற்றால் கூடவே ஒரு பூட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2005இல் ஒரு சட்டம் போட்டார்கள், அந்தப் பூட்டை மாட்டுவதும் மாட்டாததும் வாங்கியவர் இஷ்டம். மீதியெல்லாம் மாநிலங்களின் வேலை. ஃப்ளோரிடா 1989இலேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது, எங்கள் மிச்சிகனில் 2024 வரைக்கும் அப்படி ஒன்று இல்லை. 2008இல் உச்ச நீதிமன்றம் ஹெல்லர் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது, வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று. குற்றவாளிகளுக்கான தடையை நாங்கள் சந்தேகிக்கவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். வீட்டில் இருக்கும் துப்பாக்கியைக் கழற்றியோ விசையைப் பூட்டியோதான் வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகரச் சட்டத்தைச் செல்லாது என்றதும் அதே தீர்ப்பில்தான். விபத்தைத் தடுக்கும் சேமிப்பு விதிகளை நாங்கள் குறை சொல்லவில்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். என்றாலும், யார் வைத்திருக்கலாம் என்பதில் இந்த நாடு காட்டுகிற கறாரையும், எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதில் காட்டுகிற கூச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வது அபூர்வம் இல்லை. 2000 பிப்ரவரியில், இதே மிச்சிகனில் ஃப்ளின்ட் பக்கம், முதல் வகுப்பில் ஆறு வயதுப் பையன் கூடப் படித்த ஆறு வயதுப் பெண்ணைச் சுட்டான், அவள் இறந்துபோனாள். அவன் தங்கியிருந்தது மாமாவின் வீட்டில், துப்பாக்கி அங்கிருந்து எடுத்தது, அதுவே திருட்டுத் துப்பாக்கி. 2023 ஜனவரியில் விர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் இன்னொரு ஆறு வயதுப் பையன் வகுப்பில் டீச்சரையே சுட்டான், நல்லவேளை அவர் பிழைத்துக்கொண்டார். அந்தத் துப்பாக்கி அம்மா கடையில் வாங்கியது. பூட்டு போட்டிருந்ததாகச் சொன்னார்கள், தேடியதில் பூட்டும் கிடைக்கவில்லை சாவியும் கிடைக்கவில்லை. அம்மாவின் மேல் ஃபெடரல் அரசு போட்ட வழக்கு என்ன தெரியுமா, கஞ்சா பழக்கம் உள்ளவர் துப்பாக்கி வைத்திருந்ததும், வாங்கும்போது படிவத்தில் அதை மறைத்துப் பொய் சொன்னதும். 21 மாதம் சிறை. குழந்தையைக் கவனிக்காமல் விட்டதற்கு மாநில அரசு தனியாக இரண்டு வருடம் கொடுத்தது.

அப்புறம் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு. 2021 நவம்பர் 30, பதினைந்து வயது மாணவன், நான்கு பேர் பலி. அந்தத் துப்பாக்கியை அப்பா நாலு நாள் முன்னால் வாங்கிக் கொடுத்திருந்தார். கூட வந்த கேபிள் லாக் பிரிக்கப்படாத கவரோடு அப்படியே இருந்தது. 2024இல் அப்பாவின் வழக்கில் அரசு வக்கீல் ஜூரியின் முன்னால் நின்று அந்த மாதிரிப் பூட்டு ஒன்றை மாட்டிக் காட்டினார், சில நொடிதான். பெற்றோர் இரண்டு பேருக்கும் 10 முதல் 15 வருடம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் மிச்சிகனில் சட்டம் வந்தது: பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இருக்கிற, வந்துபோகிற இடம் என்றால் துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் குண்டை எடுத்துவிட்டுத் துப்பாக்கிக்கே பூட்டுப் போட வேண்டும். குழந்தை எடுத்து யாராவது செத்துப்போனால் வைத்திருந்தவருக்கு 15 வருடம் வரை. 2024 பிப்ரவரி 13 அன்று அமலுக்கு வந்தது. மறுநாளே ஃப்ளின்ட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை அப்பாவின் ரிவால்வரை எடுத்துத் தன் தலையிலேயே சுட்டுக்கொண்டது. அந்த அப்பா முன்பே தண்டனை பெற்றவர், துப்பாக்கியைத் தொடவே கூடாதவர். புதுச் சட்டத்தில் மாநிலத்தின் முதல் வழக்கு அவர்மேல்தான்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த டயப்பர் பாக்கெட் மறுபடி ஞாபகம் வந்தது, கூடவே வேறொன்றும் உறைத்தது. சட்டப்படி வைத்திருப்பவரிடம் "பூட்டி வையுங்கள்" என்று சொல்லலாம். அவர் ஸேஃப் வாங்கிச் சுவரில் பதித்துக்கொள்வார், நம்பரை மனதில் வைத்துக்கொள்வார், வருகிறவர்களிடம் காட்டவும் செய்வார். வைத்திருக்கவே கூடாதவர் எப்படிப் பூட்டுவார்? மடியில் கனம் இருப்பவருக்கு ஸேஃப் என்பது சாட்சி. அதன் சாவி பாக்கெட்டில் இருந்தாலோ, அவர் விரலை வைத்தால் திறந்தாலோ, "எனக்குத் தெரியாது" என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அதனால் அவர் பூட்டமாட்டார், ஒளித்துவைப்பார். தன்னுடையது என்று சொல்ல முடியாத இடமாகப் பார்த்து வைப்பார். சோபா இடுக்கு, சலவைக் கூடை, காதலியின் கைப்பை, டயப்பர் பாக்கெட். யாருடையதும் இல்லாத இடம் என்று வீட்டில் ஒன்று இருக்கிறது என்றால் அது குழந்தை உருண்டு புரண்டுகொண்டிருக்கிற இடம்தான்.

இதில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது, அந்த வீட்டில் ஒரே ஒரு பூட்டு இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கும் என்பது. தடை அவருக்குத்தான், அந்தப் பெண்ணுக்குத் தடை எதுவும் இல்லை. அந்தப் பெண் முறைப்படி துப்பாக்கி வாங்கி, தன் ஒருத்தியிடம் மட்டும் சாவி இருக்கிற பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், அவருக்கு அதன்மேல் கட்டுப்பாடு இல்லை, குற்றமும் இல்லை, மூன்று வயதுக் கையும் எட்டாது. கலிஃபோர்னியாவில் தடை உள்ளவரோடு ஒரே வீட்டில் இருந்தால் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ராத்திரி கதவு தட்டினால் பயப்படுகிற ஒரு வீட்டில், கைக்கு எட்டாத துப்பாக்கி எதற்கு என்றுதான் கேட்பார்கள். அந்தப் பயம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது, நான் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை. இருபது வயதில் செய்த ஒரு தப்புக்கு ஐம்பதிலும் தடை தொடர்வது சரியா என்பதிலும் எனக்குத் தெளிவு இல்லை. தடையை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க ஃபெடரல் சட்டத்தில் ஒரு வழி இருந்தது, 1992இலிருந்து பல பத்தாண்டுகள் அதைப் பரிசீலிக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பணமே ஒதுக்கவில்லை. கதவு இருந்தது, கைப்பிடி இல்லை. அப்படி இருந்தால் ஆட்கள் மறைக்கத்தான் செய்வார்கள்.

"நம்ம வீட்டுல கிடையாதே, நமக்கென்ன" என்றார் இவர், நான் இதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கொட்டும்போது. மகன் போய்வருகிற வீடுகளில் இருக்குமே என்றேன். 2020க்குப் பிறகு நம்மவர்களிலேயே எனக்குத் தெரிந்து மூன்று குடும்பம் வாங்கியிருக்கிறது. அதில் ஒருவர், ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகிற பாட்லக் விருந்தின்போது எங்களை பேஸ்மெண்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் புதுக் கார் காட்டுவது மாதிரி காட்டினார். ஸேஃப் இருந்தது, கதவு திறந்தே இருந்தது, பசங்கள் பக்கத்தில் ஏர் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பையன் தொடமாட்டான்" என்பதுதான் எல்லாப் பெற்றோரும் சொல்வது. என் மகனிடம் கேட்டுப் பார்த்தேன், துப்பாக்கியைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று. தொடமாட்டேன், ஓடிப்போய்ப் பெரியவர்களிடம் சொல்வேன் என்று பாட்டு மாதிரி ஒப்பித்தான். நிம்மதியாக இருந்தது, ஒரு ஆராய்ச்சியைப் படிக்கும் வரைக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஒரு அறையில் விட்டு, அங்கே இழுப்பறையில் நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றை (குண்டு இல்லாமல்தான்) வைத்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். 2001இல் வெளியானது. 29 குழுக்களில் 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன, 16 குழுக்கள் கையில் எடுத்தன, 10 குழுக்களில் யாராவது ஒரு பையன் விசையை இழுத்தான். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முன்பே பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள். எல்லாம் கால் மணி நேரத்துக்குள். குட்டிக் குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். அவர்களில் பலருக்கு ஒரு விரலால் இழுக்கப் பலம் போதாது, அதனால் துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துவதும் உண்டு.

நமது பிள்ளைக்குத் துப்பாக்கி இருக்கும் இடமே தெரியாது என்பதும் நம்முடைய நம்பிக்கைதான். அலபாமாவில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டபோது, பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேருடைய பிள்ளைகள் எனக்குத் தெரியுமே என்றார்கள். நம் வீட்டில் தீபாவளிப் பலகாரத்தை எங்கே ஒளித்துவைத்தாலும் கண்டுபிடிப்பதில்லையா? 2003லிருந்து 2021 வரை பதினெட்டு வயதுக்குள் தற்செயலாகச் சுடப்பட்டு இறந்த 1,262 பேரைப் பற்றி அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி ஓர் அறிக்கை வெளியிட்டது. சேமித்த விதம் தெரிந்தவற்றில் முக்கால்வாசித் துப்பாக்கிகள் பூட்டாமல் இருந்தவை, முக்கால்வாசியில் குண்டு போட்டிருந்தது. எடுக்கப்பட்ட இடங்களில் முதலிடம் நைட்ஸ்டாண்டு, கட்டில், படுக்கும் இடம். தூங்கும் இடத்தில், பயத்துக்குப் பக்கத்தில்.

அதனால் நான் கேட்க ஆரம்பித்தேன். இங்கே குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள், ஜூன் 21ஐ அதற்கென்றே ஒரு நாளாக வைத்திருக்கிறார்கள். முதல் தடவை நாக்கு எழவில்லை. உங்கள் வீட்டைச் சந்தேகப்படுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல இருந்தது. பிறகு ஒரு தந்திரம் பழகிக்கொண்டேன், மற்றவற்றோடு சேர்த்துக் கோத்துவிடுவது: அவனுக்கு முந்திரி அலர்ஜி, உங்கள் வீட்டில் நாய் உண்டா, நீச்சல்குளத்துக்கு வேலி உண்டா, துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா. இப்படிக் கேட்டதில் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அதிலும் வேட்டைக்குப் போகிறவர்கள்தான் சட்டென்று, விவரமாக, பெருமையோடு பதில் சொல்கிறார்கள். ஒரு அப்பா ஸேஃபை ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். எனக்கு அந்த ஜூரி அறையில் இருந்த மான் வேட்டைக்காரர் ஞாபகம் வந்தது. இவர்களில் யாரும் என் கவலை இல்லை. என் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடியாதவர் யாராவது எங்காவது ஒரு வீட்டில் இருப்பார், அவரிடம் இந்தக் கேள்வி போய்ச் சேரவே சேராது என்பதுதான் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் மகனின் வகுப்புத் தோழன் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, சனிக்கிழமை மத்தியானம் விளையாட அனுப்புங்கள் என்று. நல்ல குடும்பம், அந்த அம்மாவை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். வழக்கமான பட்டியலை மெசேஜில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: நாய் இல்லை, குளம் இல்லை, துப்பாக்கி இரண்டு உண்டு, இரண்டும் ஸேஃபில் இருக்கின்றன, நம்பர் எனக்கும் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். நன்றி என்று அடித்துக்கொண்டிருந்தபோதே அடுத்த மெசேஜ். கணவரின் தம்பி இந்த மாதம் எங்களோடு தங்கியிருக்கிறார், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

இருபது நிமிடம் எதுவும் வரவில்லை. மகன் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்று "அம்மா, போலாமா, அம்மா, போலாமா" என்று அரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு வந்தது. "இன்றைக்குப் பசங்கள் உங்கள் வீட்டில் விளையாடட்டுமா? நானே கொண்டுவந்து விடுகிறேன்."

நான் எதுவும் கேட்கவில்லை. சரி, வாருங்கள் என்று பதில் போட்டேன். பையனை இறக்கிவிட்டபோது அந்த அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, ஆறு மணிவரை வைத்துக்கொள்ள முடியுமா, கொஞ்சம் நேரம் ஆகும் என்றார்.